ஒரே புளியமரத்தடியில் பிடிபட்டவர்கள்

“நீங்களே சொல்லுங்கம்மா. நான் ஆமான்னு சொல்லட்டுமா, இல்லன்னு சொல்லட்டுமா?”

கூண்டில் நின்ற பெண் இதை நடுவரிடம் கேட்கவில்லை. வக்கீலிடமும் கேட்கவில்லை, அவருக்கு வக்கீலே கிடையாது. என்னிடம் கேட்டார். நானோ அவர் மேல் வழக்கு நடத்துவதற்கென்றே சம்பளம் வாங்கும் அரசு உதவி வழக்கறிஞர்.

கோர்ட்டே சிரித்தது. பின்னால் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். டைப்பிஸ்ட் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பெண்ணின் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கூண்டின் மரச்சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்ததில் அவருடைய விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

மார்கழி மாதம் அது. கார்த்திகை தீபக் கூட்டம் வடிந்து ஊர் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரம். வெளியே தூறல். உள்ளே ஈரக் காக்கி, அரக்கு, சாக்குப்பை எல்லாம் கலந்த வாசனை. அதற்கு மேல், சான்றுக்கு வைத்த பாட்டில்களிலிருந்து கசிந்து எங்கள் கோர்ட்டில் எப்போதும் இருக்கும் அந்த மது வாசனையும்.

“எது நடந்துச்சோ அதைச் சொல்லுங்கம்மா,” என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். “அப்டின்னா இல்லைங்க.”

அன்றைக்கு வரிசையில் இருந்த பதினோரு மதுபாட்டில் வழக்குகளில், ‘இல்லை’ என்ற ஒரே வழக்கு அது.

ஆமாங்க திங்கட்கிழமைகள்

என் வேலை என்னவென்று போன வாரம் ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். எளிதாகச் சொல்கிறேன். போலீஸ் பிடிக்கும். நான் கோர்ட்டில் நடத்துவேன். கொலை, கொள்ளையெல்லாம் மேல் கோர்ட்டுக்குப் போய்விடும். எங்கள் நடுவர் நீதிமன்றத்துக்கு வருவது வாய்ச்சண்டை, வரப்புச் சண்டை, பிறகு பாட்டில். அளவுக்கு மேல் மதுபாட்டில் வைத்திருந்தார், கள்ளத்தனமாக விற்றார் என்ற வழக்குகள். கால்வாசி ஆயுளை நான் பாட்டில்களோடுதான் கழித்தேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவருக்கு வெற்றிலை பாக்குப் பழக்கம்கூடக் கிடையாது.

இந்த வழக்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமை எல்லோரையும் வரிசையாக நிறுத்துவார்கள். நடுவர் குற்றச்சாட்டைப் படித்துவிட்டு, “ஒத்துக்கிறீங்களா?” என்பார். “ஆமாங்க.” அபராதம். ரசீது. அடுத்தவர். ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. வாய்தா வாய்தாவாக அலைவதைவிட இது மேல் என்று எல்லோருமே நினைத்தார்கள். போலீஸுக்குக் கணக்கு முடியும், கோர்ட்டுக்குக் கட்டு குறையும், எனக்கு மாத அறிக்கையில் தண்டனை என்று ஒரு வரி கூடும். நானும் அதில் சுகமாகத்தான் இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. சாட்சியம் நடந்துகொண்டிருந்தபோது சான்றுப் பொருளாக வைத்திருந்த பாட்டில் ஒன்று கசிந்து என் கேஸ் கட்டை நனைத்துவிட்டது. மறுநாள் விசாரணை என்பதால் அதை அப்படியே பையில் போட்டுக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினேன். அப்போது அங்கேதான் குடியிருந்தோம். நிற்க இடமில்லாத பஸ்ஸில் எனக்கு மட்டும் இரண்டு பேர் உட்காரும் சீட் முழுசாகக் கிடைத்தது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் தன் பேத்தியை இழுத்து மறுபக்கம் நிறுத்திக்கொண்டார். வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் வாசலிலேயே மோப்பம் பிடித்து, “இன்னிக்கு என்னா பிராண்டு?” என்றார். அன்று முதல் பல வருடம் அதுதான் என்னை வரவேற்கும் வாசகம்.

சரி, மல்லிகாவிடம் வருகிறேன். கூண்டில் நின்ற பெண்ணின் பெயர் அது.

யாருடைய சாக்கு

மல்லிகாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் சின்னதாக ஒரு சோடாக் கடை. பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான் வியாபாரம், மற்ற நாளில் ஈ ஓட்ட வேண்டியதுதான். வீட்டுக்காரர் தவறி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. காலேஜ் படிக்கும் ஒரு மகள்.

“ஆமான்னு சொல்லிடு, ரெண்டு நிமிஷத்துல வீட்டுக்குப் போயிடலாம்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க,” என்று நடுவரிடம் விளக்கினார். “ஆமான்னு சொன்னா சத்துணவு வேலை போயிடும்னு எம் பொண்ணு சொல்றாங்க. அதான் கேட்டேன்.”

விஷயம் அதுதான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர் வேலைக்கு மல்லிகா தேர்வாகியிருந்தார். ஆர்டர் வர வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன் போலீஸ் விசாரணை உண்டு. ஐந்து ரூபாய் அபராதம் என்றாலும் தண்டனை தண்டனைதான். காகிதத்தில் ஏறிவிட்டால் வேலை வேறு யாருக்காவது போய்விடும். பல வருடம் மனு கொடுத்துக் காத்திருந்து வந்த வேலை அது. இந்த வயதில் இன்னொன்று வராது.

“பாட்டில் உங்களுதா?” நடுவர் கேட்டார்.

“இல்லீங்க ஐயா. சாக்கு எங்க கடைக்குப் பின்னால செவுத்தோரம் கெடந்துச்சு. இது யாருதுன்னு கேட்டாங்க, தெரியாதுன்னேன். கடை யாருதுன்னு கேட்டாங்க, என்னுதுன்னேன். எழுதிட்டாங்க.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நடுவர் சட்ட உதவியில் ஒரு வக்கீலை அவருக்கு நியமித்து, விசாரணைக்கு நாள் குறித்தார். வக்கீல் தம்பி போட்டிருந்த கோட்டில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டின் பசைகூடக் காயவில்லை. அவ்வளவு புதுசு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சாக்கு மல்லிகாவுடையது இல்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய அன்றைக்கும் என்னால் முடியாது, இன்றைக்கும் முடியாது. கண்ணால் பார்த்தவள் இல்லை நான். எனக்குத் தெரிந்தது காகிதம். அதனால் அன்று சாயந்திரம் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மரம்

பொருளைக் கைப்பற்றும்போது அந்த இடத்திலேயே எழுதும் காகிதத்துக்கு மகஜர் என்று பெயர். எங்கே, எப்படி, யார் முன்னிலையில் என்றெல்லாம் அதில் இருக்கும். நம்ம ஊர் மகஜர்களுக்கு ஒரு நடை உண்டு. ‘ரோந்து சென்றபோது, கையில் சாக்குப்பையுடன் சந்தேகத்துக்கு இடமாக நின்றிருந்தவர், காக்கிச் சட்டையைக் கண்டதும் தப்பி ஓட முயல, சுற்றி வளைத்துப் பிடித்து…’ இப்படிப் போகும். வருடக்கணக்காகப் படித்ததில் எனக்கு அது மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

அதில் இன்னொன்றும் மனப்பாடம். அந்தக் காவல் நிலையத்திலிருந்து வரும் எல்லா மதுபாட்டில் வழக்கிலும் (நிலையத்தின் பெயர் எதற்கு, விடுங்கள்) ஆளைப் பிடித்த இடம் ‘கிரிவலப் பாதை, புளியமரத்தடி’. கடையில் பிடித்தாலும் புளியமரத்தடி. பைக்கில் பிடித்தாலும் புளியமரத்தடி. இவ்வளவு பேர் போலீஸ் வரும் என்று தெரிந்தே ஒரே மரத்தடியில் போய் நின்றிருக்கிறார்கள், பாவம்.

நிலையத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர், தனக்கு முன்னால் இருந்தவர் எழுதியதைப் பார்த்து எழுதுவார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். ஆளின் பெயரையும் பாட்டில் எண்ணிக்கையையும் மாற்றினால் போதும். மகஜர் சாட்சியாக வந்த ஒரு டீ மாஸ்டரிடம், “எந்த இடத்துல வச்சு கையெழுத்துப் போட்டீங்க?” என்று நான் ஒருமுறை கேட்டேன். அவர் வெள்ளந்தியாக, “கல்லாப்பெட்டி மேல வச்சுங்க,” என்றார். என் சாட்சி அவர். தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ஆனால் மரம் நிஜமாகவே இருந்தது. எனக்கு அதை நன்றாகத் தெரியும். பௌர்ணமிக் கூட்டம் எனக்கு ஒத்து வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நான் மலை சுற்றுவேன், வெறுங்காலோடு. அந்த இடம் வந்தால் உள்ளங்காலே சொல்லிவிடும். உதிர்ந்த புளியம்பழ ஓடு சுருக்சுருக்கென்று குத்தும். பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்து, காலைத் தட்டிவிட்டு, சுக்கு காபி குடித்துவிட்டு மேலே நடப்பேன்.

அன்று சாயந்திரம் மல்லிகாவின் மகஜரில் ‘புளியமரத்தடி’ என்று படித்ததும் கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. பழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஈரச் சிமெண்டு நடைபாதையில் வழவழவென்று நடந்துகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இந்த இடத்தில் ஏன் காலில் எதுவும் குத்தவில்லை?

ஏனென்றால் மரம் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். அடிக்கட்டை இருந்த இடத்தில் குடிதண்ணீர்க் குழாய் நின்றது. சுக்கு காபிக்காரரிடம் கேட்டேன்.

“மரம் போயி எத்தினி நாளாச்சுங்க?”

“அது ஆச்சும்மா. சித்திரையிலேயே வெட்டிட்டாங்க. அதுலேர்ந்து நெழலுக்கு ஆள் நிக்கிறது கம்மி, எனக்கு யாவாரமும் கம்மி.”

மல்லிகாவைப் பிடித்ததாகச் சொன்னது கார்த்திகையில். மரம் போய் ஏழு மாதம் கழித்து, அதன் அடியில். அது மட்டுமல்ல, நானே அந்த ஏழு மாதமும் ஞாயிறு தவறாமல் அந்த வழியாக நடந்திருக்கிறேன். திங்கட்கிழமை கோர்ட்டில் அதே மரத்தடியில் பிடிபட்டவர்களுக்கு அபராதமும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அத்தனை ‘ஆமாங்க’விலும் எனக்குப் பங்கு உண்டு. அன்றைக்குச் சுக்கு காபி இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

ஏட்டய்யாவும் நானும்

ஏகாம்பரம் என்று ஒரு ஏட்டு. நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைவது அவர் வேலை. பத்து வருடப் பழக்கம். தினமும் பதினோரு மணிக்கு, சொல்லாமலே எனக்கு ஒரு டீ வாங்கி வந்து வைப்பார், சர்க்கரை கம்மியாக.

அவரிடம்தான் முதலில் சொன்னேன். “மரம் இல்லியே ஏட்டய்யா.”

அவர் தாடையைச் சொறிந்தார். “மேடம், அது எழுத்து. இடம்னு ஒன்னு எழுதணும் இல்ல?”

“இல்லாத இடத்தையா?”

“எழுதுறவருக்குப் பழக்கம் மேடம். கை தானா எழுதிடும்.”

“வழக்கை வாபஸ் வாங்கணும்னு மேல எழுதட்டுமா?”

“எழுதுங்க. பதில் வர்றதுக்குள்ள அந்தம்மா ரிட்டயர் ஆற வயசு வந்துடும்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எஸ்.ஐ. சின்னப் பையன் மேடம். இப்பத்தான் வந்திருக்காரு. பாத்து.”

எனக்கும் அதுதான் சங்கடம். அந்த எஸ்.ஐ. கெட்டவர் இல்லை, எழுத்தர் நீட்டியதில் கையெழுத்துப் போட்டவர். சட்ட உதவி வக்கீலின் காதில் போட்டுவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருக்கலாமா என்று யோசித்தேன். அது திருட்டுத்தனமாகப் பட்டது. என் வழக்கில் இருக்கும் ஓட்டையை அடுத்தவர் வாயால் சொல்லவைத்துவிட்டு, நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு போவதா? சாலை அலுவலகத்துக்கு எழுதி, மரம் வெட்டிய தேதிக்குக் கடிதம் வாங்கினேன். அதில் ஒரு பிரதியை வக்கீல் தம்பியிடம் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என்ன தந்திரமோ என்று பயந்துவிட்டார் போல.

“கோர்ட்டுல மரத்தைப் பத்தி நான்தான் கேப்பேன்,” என்று ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டேன்.

“கேளுங்க மேடம். உங்க தொழில் அது.” அன்று டீ வரவில்லை.

விசாரணை

எஸ்.ஐ. விறைப்பாக வந்து கூண்டில் ஏறினார். பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தார். ரோந்து, சாக்குப்பை, சந்தேகம், ஓட்டம், சுற்றி வளைப்பு. டைப்பிஸ்ட் அம்மாவின் விரல்கள் அவர் வாயைவிட ஒரு சொல் முன்னாலேயே போயின. அவருக்கும் மனப்பாடம்தானே.

“மகஜர் எந்த இடத்துல எழுதினீங்க?” என்றேன்.

“அந்த இடத்துலயேங்க. புளியமரத்தடியில.”

“மரம் ரோட்டுக்கு எந்தப் பக்கம்?”

“மலைப்பக்கங்க.”

“அன்னைக்கு அந்த மரம் இருந்துச்சா?”

டைப் சத்தம் நின்றது. டைப்பிஸ்ட் அம்மாவுக்கு வீடு அடி அண்ணாமலை. அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நடுவர் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர், அவருக்குப் புரியவில்லை. “என்னம்மா கேக்குறீங்க?” என்றார்.

“அந்த மரத்தை அதுக்கு ஏழு மாசம் முன்னாடியே வெட்டியாச்சுங்க ஐயா. சாலை அலுவலகக் கடிதம் இருக்கு. தாக்கல் பண்றேன்.”

நடுவர் கடிதத்தைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு எஸ்.ஐ.யைப் பார்த்தார். அந்தப் பையனின் காது சிவந்துவிட்டது. பொய் சொல்லச் சுலபமான ஒரு நிமிடம் அது. ‘வேறு மரம்’ என்று ஒரு வார்த்தை போதும்.

“எழுத்தர் எழுதினாருங்க ஐயா. நான் படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்,” என்றார் எஸ்.ஐ.

அந்த ஒரு பதிலுக்காக அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். இப்போது வேறு ஊரில் பெரிய பதவியில் இருக்கிறார். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவார்.

“அரசுத் தரப்பில் மேற்கொண்டு வலியுறுத்துவதற்கு ஒன்றும் இல்லை,” என்றேன். என் பணிக்காலத்தில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வக்கீல் தம்பி எழுந்து, தயார் செய்து வந்திருந்த கேள்விகள் அடங்கிய காகிதத்தைப் பார்த்து, “கேள்வி இல்லை ஐயா,” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் ஏமாற்றந்தான் அவருக்கு.

அடுத்த வாரம் தீர்ப்பு. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. நடுவர் படித்து முடித்த பிறகும் மல்லிகா கூண்டைவிட்டு இறங்கவில்லை.

“போகலாம்மா,” என்றேன்.

“அடுத்த வாய்தா எப்பங்க?”

“வாய்தா இல்லம்மா. முடிஞ்சுபோச்சு. உங்க மேல ஒன்னும் இல்ல.”

அவர் மரச்சட்டத்திலிருந்து கையை எடுத்தார். அழுவார் என்று நினைத்தேன். “அப்ப நான் போயி கடையத் தொறக்கணும், இன்னிக்குப் பௌர்ணமி,” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார். நன்றிகூடச் சொல்லவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

மேலதிகாரி போனில், “விடுதலை ஏம்மா?” என்று கேட்டார். “மரம் இல்லைங்க சார்,” என்றேன். விவரம் கேட்டுவிட்டு அவரும் சிரித்துவிட்டார். ஏகாம்பரம் மட்டும் மூன்று வாரம் கட்டுகளை மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். நாலாவது வாரம் டீ வந்தது, கூடவே நிலையத்திலிருந்து ஒரு புதுக் கட்டும். பிரித்தேன். கைப்பற்றிய இடம்: ‘கிரிவலப் பாதையில், மரம் ஏதும் இல்லாத இடத்தில்.’ அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், மீசை மட்டும் ஆடியது. இரண்டு பேரும் அன்று சிரித்த சிரிப்பில் டீ ஆறிவிட்டது. ஆனால் அதன் பிறகு ‘ஆமாங்க’ என்று சொன்ன ஒவ்வொருவரிடமும், “நடந்ததா, இல்ல சொல்லச் சொன்னாங்களா?” என்று கேட்காமல் நான் விட்டதில்லை. திங்கட்கிழமைகள் நீண்டன. வீட்டுக்கு லேட்டாகத்தான் போனேன். வருத்தமே இல்லை.

ஒரு மதியம்

ஒன்றரை வருடம் கழித்து, அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் சட்ட விழிப்புணர்வு முகாம் ஒன்று வைத்தார்கள். நான்தான் பேச வேண்டும். பிள்ளைகள் என் பேச்சில் பாதியைக் கேட்டார்கள். மீதி நேரம் அவர்கள் மூக்கெல்லாம் சமையல் கூடத்துப் பக்கம் இருந்தது. என் மூக்கும்தான். சாம்பார் தாளிக்கும் வாசனை. காலையில் அவசரத்தில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் கிளம்பியிருந்தேன்.

மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்தார்கள். கரண்டியோடு வந்தவர் மல்லிகா. நெற்றியில் வியர்வை, இடுப்பில் செருகிய முந்தானை. ஒரு பிள்ளைக்கு ஊற்றிவிட்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

தலைமையாசிரியர், “மேடத்துக்கு ஓட்டல்ல சாப்பாடு சொல்லியிருக்கு,” என்றார்.

மல்லிகா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். “சாப்புடுறீங்களாம்மா?”

“இல்லம்மா, பரவால்ல, எனக்கு அங்க…”

“பசிக்குதா, இல்லையா?” தட்டை நீட்டியபடியே நின்றார். “எது நெசமோ அதைச் சொல்லுங்கம்மா.”

“பசிக்குதும்மா,” என்றேன்.

பிள்ளைகளோடு வரிசையில் தரையில் உட்கார்ந்தேன். மல்லிகா எனக்கு இரண்டு கரண்டி ஜாஸ்தியாகவே ஊற்றினார்.